நெய்வேலியில் சைக்கிள்: காலா, மின்சாரமா?

ஏழை எளியவர்களின் அன்றாடச் செலவைப் பற்றிய விஷயங்களைச் சில்லறை விஷயங்கள் என்று ஒதுக்கிவிடுவது நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். சட்டசபை விவாதத்திற்கு எல்லோரும் காது கொடுக்கிறார்கள். ஒரு தொழிலாளி வேலைக்கு எப்படிப் போய்ச் சேருகிறான், அதற்கு மாதம் என்ன செலவாகிறது, வீடு திரும்பும்போது அவன் உடலில் எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு குடும்பத்தின் க்ஷேமம் பெரும்பாலும் இத்தகைய சில்லறை விஷயங்களிலேதான் அடங்கியிருக்கிறது. அவற்றுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். சைக்கிள் வாங்கப் போகும் ஒருவர் காலால் மிதிக்கும் சாதாரண சைக்கிளை வாங்குவதா, மின்சார சைக்கிளை வாங்குவதா என்பதே கேள்வி.

இக்கேள்வியை எந்த ஊரிலும் கேட்கலாம். நெய்வேலியில் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மற்ற ஊர்களில் மின்சாரம் என்பது சுவரிலுள்ள துளையிலிருந்து வருகிற ஒன்று. அது எங்கே பிறந்தது, அதற்காக யார் எதை இழந்தார் என்பதை ஜனங்கள் நினைப்பதில்லை. நெய்வேலியிலோ மின்சாரத்தின் பிறப்பும் அதன் விலையும் கண்ணெதிரே கிடக்கின்றன. ஆகவே, மின்சாரத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்று தீர ஆலோசிப்பதற்கு இதைவிடத் தகுந்த ஊர் வேறில்லை.

ஒரு யூனிட்டின் பிறப்பு

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் நிச்சயிக்கப்பட்டது. 1956-இல் இதற்கென மத்திய சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று பதிவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது. மறு ஆண்டிலேயே சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த அனல் மின்நிலையம் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட்டு வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பின்வந்த நிலையங்கள் தமிழ்நாட்டிற்கும் அண்டை மாநிலங்களுக்கும் மின்சாரம் அளித்து வருகின்றன.

இது பெருமைக்குரிய வரலாறு என்பதில் ஐயமில்லை. ஆனால், பெருமையோடு கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, சூடு குறைந்தது. ஆதலால், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கிலோவை எடுக்க, அதன் மேலே கிடக்கும் மண்ணைப் பல மடங்கு வெட்டி அகற்ற வேண்டும். அடியிலிருந்து அழுத்திவரும் நிலத்தடி நீரையும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சமதரையான இந்தப் பிரதேசத்தில் குன்றுகள் போல் நிற்பவையெல்லாம் இவ்வாறு வெட்டிக் கொட்டிய மண்மேடுகளே.

மண்ணுக்குச் சொந்தக்காரர்களும் உண்டு. சுரங்கத்திற்காக ஊரும் வயலும் கொடுத்துவிட்டு வேறிடம் போன குடும்பங்கள் பல. 2023 ஜூலையில், சுரங்க வேலையின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறின. அந்நிலங்கள் முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்று ஸ்தாபனத்தார் கூறினர். கண்ணெதிரே பயிர் அழிந்ததைக் கண்ட உழவர்களின் மனம் அவ்விடையினால் ஆறவில்லை. இந்த வழக்கின் நியாயத்தை இங்கே தீர்க்க நாம் புகவில்லை. ஒரு யூனிட் மின்சாரம் இலவசமாக வானத்திலிருந்து இறங்குவதில்லை என்பதை மாத்திரம் ஞாபகப்படுத்துகிறோம்.

இரண்டு வண்டிகள்

சாதாரண சைக்கிளைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. மனிதன் கண்டுபிடித்த யந்திரங்களில் இதைப் போல் வாங்கிய சக்தியைச் சிந்தாமல் வேலையாக மாற்றுவது வேறொன்று அரிது. நடப்பவன் மணிக்கு 5 கிலோமீட்டர் போகச் செலவிடும் உடல் வலுவைக் கொண்டே, சைக்கிளில் ஏறியவன் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் போய்விடுகிறான்.

மின்சார சைக்கிள் என்பது இதே வண்டியில் ஒரு சிறு மோட்டாரையும் பாட்டரியையும் இணைத்ததுதான். மிதிக்கும்போது உடன் உதவும் வகையும் உண்டு. கைப்பிடியைத் திருகினால் தானே ஓடும் வகையும் உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, எடையிலும் மற்ற நிபந்தனைகளிலும் விதிக்கு இணங்கியிருந்தால், நமது மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. லைசென்சும் பதிவும் தேவையில்லை. இந்த எல்லையைத் தாண்டிய வண்டியை 'சைக்கிள்' என்று பெயரிட்டு விற்பவர்களும் உண்டாதலால், வாங்குபவர் விதிக்கு உட்பட்டது என்பதற்குரிய சான்றைக் கேட்டு வாங்குதல் அவசியம்.

250 வாட்டு என்பது எவ்வளவு? நல்ல உடற்கட்டுள்ள மனிதன் ஒருவன் நெடுநேரம் களைப்பின்றித் தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட்டு. ஆகவே, மின்சார சைக்கிளில் ஏறுபவன் தன்னைப் போன்ற மூன்று பேரைத் தனக்காக மிதிக்க வைத்துக்கொள்கிறான் என்று சொல்லலாம். இதே கணக்கை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு மனிதன் 8 மணி நேரம் பாடுபட்டுத் தரும் சக்தியைக் கூட்டினால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே வருகிறது. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதன் விலை 3 ரூபாய் அல்லது அதற்குச் சற்று மேல்! மின்சாரத்தை அற்பமாக எண்ணி விரயம் செய்பவர் இந்தக் கணக்கைச் சிந்திக்க வேண்டும். மனித உழைப்பை அற்பமாக எண்ணி ஏழையை ஓயாமல் மிதிக்கச் சொல்பவரும் இதே கணக்கைச் சிந்திக்க வேண்டும்.

ரூபாய் அணா கணக்கு

இனிச் செலவைப் பார்ப்போம். டவுன்ஷிப்பிலுள்ள ஒரு வட்டத்தில் குடியிருந்து 4 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வேலையிடத்திற்குச் செல்பவர் ஒருவர். வடலூருக்கு அப்பாலோ முத்தாண்டிக்குப்பம் பக்கமோ ஒரு கிராமத்திலிருந்து 12 கிலோமீட்டர் கடந்து வருபவர் மற்றொருவர். இருவருக்கும் ஆண்டில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர் போகிறார். சாதாரண சைக்கிளில் ஒரு பயணத்திற்கு 16 முதல் 20 நிமிஷம் ஆகும். மின்சார சைக்கிளில் போனால் மிச்சமாவது பத்து நிமிஷத்திற்கும் குறைவு. இந்தப் பத்து நிமிஷத்திற்காக 30,000 ரூபாய்க்கு மேல் முதல் போட்டு மின்சார சைக்கிள் வாங்குவதைச் சிக்கனம் என்று எவரும் சொல்லத் துணியார். சாதாரண சைக்கிள் அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குள் கிடைக்கும். டயர், டியூப், பிரேக் கட்டை, எப்போதாவது ஒரு பங்ச்சர் என்பவற்றைத் தவிர அதற்கு வேறு செலவில்லை.

இரண்டாமவர் ஆண்டுக்கு 7,200 கிலோமீட்டர் போகிறார். மோட்டார் சைக்கிளில் போனால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்ற கணக்கில், 144 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 14,400 ரூபாய் ஆகிறது. அதே தூரத்தை மின்சார சைக்கிளில் போனால், யூனிட்டுக்கு 60 கிலோமீட்டர் என்று கொண்டு, 120 யூனிட். அதாவது 600 ரூபாய். விற்பனைக்காரர்கள் இத்துடன் கணக்கை நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்தலாகாது. பாட்டரி என்பது தேய்ந்து போகும் பொருள். சுமார் 700 முறை மின்சாரம் ஏற்றி இறக்கிய பின் அதன் பலம் குன்றிவிடும் என்றும், ஒரு முறைக்கு 30 கிலோமீட்டர் ஓடும் என்றும், புதிய பாட்டரியின் விலை 12,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுக்கு ஒரு பாட்டரி. ஆண்டுக்கு 4,000 ரூபாய். ஆகவே, மின்சார சைக்கிளின் மெய்யான செலவு மின்சாரம் அன்று, பாட்டரிதான். அப்படியிருந்தும் மொத்தம் 4,600 ரூபாயில் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 9,800 ரூபாய் மிச்சம். நாள்தோறும் பணி முடிந்து பெட்ரோல் பங்கில் கூலியின் ஒரு பகுதியை எண்ணிக் கொடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது அற்பத் தொகையன்று. குழந்தைகளின் படிப்புச் செலவு அதில் அடங்கும்.

அவரைச் சாதாரண சைக்கிளிலேயே வரச் சொல்லலாகாதா என்று சிலர் கேட்கலாம். இளைஞர் வரலாம், இன்றும் வருகிறவர் உண்டு. ஆனால், 12 கிலோமீட்டர் என்றால் போக முக்கால் மணிக்கு மேல், வர முக்கால் மணிக்கு மேல். கத்திரி வெயிலில் சுரங்கத்திலோ கொதிகலனுக்கு அருகிலோ 8 மணி நேரம் நின்றுவிட்டு இரவு ஷிப்டு முடிந்து வருகிற ஐம்பது வயது மனிதரிடம், தேகாப்பியாசத்தின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு நாக்கு எழவில்லை. அவர் அன்றைய தேகாப்பியாசத்தை ஏற்கெனவே போதுமான அளவு செய்து முடித்துவிட்டார்.

நமது முடிவு

மேற்கூறிய கணக்கிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இதுதான். சாதாரண சைக்கிளுக்குப் பதிலாக மின்சார சைக்கிள் வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக மின்சார சைக்கிள் வேண்டும். இன்று சைக்கிளில் போய்க்கொண்டிருப்பவர், போகக்கூடிய தூரமும் உடல் நலமும் உள்ளவரை, அதை விட்டு இறங்க வேண்டியதில்லை. இன்று பெட்ரோல் வண்டியில் போகிறவரும், தூரத்தாலோ வயதாலோ முழங்கால் வலியாலோ சுமையாலோ நாளை பெட்ரோல் வண்டி வாங்க நினைப்பவரும் மின்சார சைக்கிளை நாடுவது நன்று. காய்கறிக் கூடையுடனோ மீன் கூடையுடனோ வீதி வீதியாகச் செல்லும் சிறு வியாபாரிக்கும் இது பெரிய துணையாகும்.

இம்முடிவு புதிய தத்துவம் ஒன்றுமன்று. 1924-இல் சாந்திநிகேதன மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன் யந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகளிடம் கேள்விகள் கேட்டார். தாம் யந்திரத்திற்கே விரோதியல்ல என்றும், யந்திரத்தின் மீதுள்ள மோகத்திற்கே விரோதி என்றும் அடிகள் விளக்கினார். மனிதனுடைய அவயவங்களைப் பயனற்றுப் போகச் செய்யும் யந்திரம் கூடாதென்பது அவருடைய கட்சி. தையல் யந்திரத்தை அவர் விலக்காக ஏற்றுக்கொண்டார். அதே உரைகல்லில் இவ்விரு வண்டிகளையும் உரைத்துப் பார்க்கலாம். நாலு கிலோமீட்டர் போவதற்கு வலுவுள்ள இளைஞனுக்கு மோட்டார் பூட்டுவது அவயவத்தை வாடவிடுவதாகும். உழைத்துக் களைத்தவருக்கும் முதியவருக்கும் அதே மோட்டாரைக் கொடுப்பது தையல் யந்திரம் கொடுப்பதற்குச் சமானம். யந்திரம் ஒன்றேதான், யாருடைய எந்தத் தேவைக்கு என்பதே தர்மத்தை நிர்ணயிக்கிறது.

ஆட்சேபங்கள்

"நிலக்கரியை எரித்து உண்டாக்கிய மின்சாரத்தில் ஓடும் வண்டி எப்படிச் சுத்தமாகும்?" என்பது முதல் ஆட்சேபம். நெய்வேலிக்காரர் கேட்டால் இதற்கு நேர்மையான விடை சொல்லியே தீர வேண்டும். நாம் மேலே சொன்ன இரண்டாமவர் நாளைக்கு 24 கிலோமீட்டர் போய் வர அரை யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. அதற்கு எரியும் நிலக்கரி அரைக் கிலோ அளவே. அதே தூரத்திற்கு மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. வெளியாகும் கரியமில வாயுவைக் கணக்கிட்டால், பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலுங்கூட, மின்சார சைக்கிள் விடும் கரி பெட்ரோல் வண்டி விடுவதில் பாதிக்கும் குறைவு. நெய்வேலியிலேயே அமைந்துள்ள சூரிய ஒளி நிலையங்களின் பங்கு பெருகப் பெருக இது இன்னும் குறையும். ஆனால், கரியே விடாத வண்டி ஒன்று உண்டு. அது காலால் மிதிப்பது. அதை விட்டுவிட்டு மின்சார வண்டி ஏறுபவர், சுத்தத்தின் பெயரால் பெருமை கொள்ள இடமில்லை.

"சைக்கிளில் போனால் மதிப்பில்லை" என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. மனத்தில் வைத்திருப்பவர் அதிகம். மாதச் சம்பளத்தில் தவணை கட்டி மோட்டார் சைக்கிள் வாங்குகிற இளைஞர் பலர், தேவைக்காக வாங்குவதில்லை. அண்டை அயலாரின் பார்வைக்காக வாங்குகிறார்கள். அவர்களுக்குப் புதுக்கோட்டையை ஞாபகப்படுத்துகிறோம். 1991-க்கும் 1992-க்கும் இடையில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்லுடைக்கும் ஏழைப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். சைக்கிள் அவர்களுக்கு மதிப்புக் குறைவாகத் தோன்றவில்லை. யாருடைய துணைக்கும் காத்திராமல் போக வர உதவும் சுதந்திரமாகவே தோன்றியது. தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளி மாணவ மாணவியர்க்கு இலவசமாக சைக்கிள் வழங்கி வருவதும் இந்த உண்மையை உணர்ந்தேயாகும். செல்வத்தில் நம்மினும் பன்மடங்கு உயர்ந்த ஹாலந்து தேசத்தில் மந்திரிகளே சைக்கிளில் போகிறார்கள். அங்கே இப்போது விற்பனையாகும் புதிய சைக்கிள்களில் ஏறத்தாழப் பாதி மின்சார சைக்கிள்களே என்பதும் மெய்தான். ஆனால், அந்நாட்டார் இரு வகை வண்டிக்கும் தனிப் பாதை முதலில் அமைத்துவிட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

"மின்சார வண்டி தீப்பிடிக்கும்" என்பது மூன்றாவது. இதில் பயமும் உண்டு, உண்மையும் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டிலே மின்சாரம் ஏற்ற வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மாண்டார்கள். 30 கோடிக்கு மேல் மின்சார இருசக்கர வண்டிகள் ஓடும் சீனாவில், 2024 பிப்ரவரியில் நான்ஜிங் நகரக் குடியிருப்பு ஒன்றில் மின்சார சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் பிடித்த தீயினால் 15 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே, மாடிப்படியின் கீழும் வாயிற்படியை மறித்தும் வண்டியை வைத்து மின்சாரம் ஏற்றலாகாது. எல்லோரும் உறங்கும் வேளையில் ஏற்றலாகாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தலாகாது. ஊதிப்போன பாட்டரியை ஒரு நாளும் உபயோகிக்கலாகாது. இவற்றை வாங்கும்போதே சொல்லிக் கொடுப்பது விற்பவரின் கடமை.

புயலையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூர் ஜில்லாவைத் தாக்கியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. அத்தகைய நாட்களில் பாட்டரி காலியான மின்சார சைக்கிள், மிதித்தால் ஓடக்கூடிய வகையாயிருந்தாலும், கனத்த சுமையே. வீட்டில் ஒரு சாதாரண சைக்கிள் இருந்தால், மருந்துக்கும் குடிநீருக்கும் அதுவே போய் வரும்.

சுதேசியும் வரியும்

1949-இல் அம்பத்தூரில் ஸ்தாபிதமான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும், பிற்காலத்தில் லூதியானாவில் வளர்ந்த தொழிற்சாலைகளும், அந்நியச் சரக்காக வந்துகொண்டிருந்த சைக்கிளை நமது சொந்தச் சரக்காக்கின. இன்று அதன் ஒவ்வொரு உறுப்பையும் நம் நாட்டிலேயே செய்ய முடிகிறது. தெருமுனைக் கடைக்காரர் ஒரு ஸ்பானரைக் கொண்டே பழுது பார்த்துவிடுகிறார். மின்சார சைக்கிள் இன்னும் அந்நிலையை எய்தவில்லை. ஓசூர்ப் பக்கத்திலும் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் எழுந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. எனினும், பாட்டரியின் உயிரான லிதியம் செல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே, விசேஷமாகச் சீனாவிலிருந்தே வருகின்றன. பெட்ரோலுக்கு அந்நியரை எதிர்பார்த்த நாம் பாட்டரிக்கும் அந்நியரையே எதிர்பார்ப்போமானால், எஜமானரை மாற்றியவர்களாவோமேயன்றிச் சுதந்திரர்களாக மாட்டோம். தேய்ந்த பாட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதும் ஆபத்தான காரியம். விற்றவரே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு ஊரிலும் வேண்டும்.

வரி விதிப்பிலும் சைக்கிள்காரனுக்கு நெடுநாள் நியாயம் கிடைக்கவில்லை. மின்சார வாகனங்களுக்கு 2019 ஆகஸ்டிலேயே சரக்கு சேவை வரியை நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். ஏழையின் சாதாரண சைக்கிளுக்கோ 12 என்பதே நீடித்தது. புகையும் விடாமல், மின்சாரமும் கேளாமல் ஓடுகிற வண்டிக்குப் பணக்காரரின் மின்சாரக் காரைவிட அதிக விகிதத்தில் வரி என்னும் இந்த விபரீதம், 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் 5 என்று ஆக்கப்படும் வரை ஆறு ஆண்டுகள் நடந்தது. திருத்தம் வந்தது நல்லது. திருத்தத்தைக் கேட்டு உரக்கக் குரல் எழுப்பியவர்கள் சிலரே என்பதுதான் வருந்தத்தக்கது.

முதல் தேவை பாதை

ஆனால், எந்த வண்டியை வாங்குவது என்பதைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. வாங்கிய வண்டியில் உயிரோடு வீடு திரும்ப முடியுமா என்பதே அது. 2022-இல் மாத்திரம் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,000-க்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அவர்களில் 4,000-க்கு மேற்பட்டவர் சைக்கிளில் சென்றவர்கள். டவுன்ஷிப்புக்குள் அகன்ற வீதிகளும் மர நிழலும் இருக்கின்றன. சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அமைந்தது போன்ற ஊர் அது. ஆர்ச் கேட்டைத் தாண்டி விக்கிரவாண்டி–தஞ்சை நெடுஞ்சாலையில் ஏறியதும் நிலைமை மாறிவிடுகிறது. பஸ்ஸும் லாரியும் விரையும் பாதையின் ஓரத்தில், இருட்டில், விளக்கில்லாத சைக்கிளோடு வருகிறவரின் உயிர் தெய்வத்தின் கையில்தான் இருக்கிறது. சைக்கிளில் வந்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறுவதற்கு மதிப்பு மட்டும் காரணமன்று, பயமும் காரணம். பெரிய வண்டியிலிருந்தால் வேகமாக விலகிக்கொள்ளலாம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்பதை நாள்தோறும் பத்திரிகையில் பார்க்கிறோம்.

ஆகவே, தொழிற்சங்கத்தாருக்கும் பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்று. சம்பள உயர்வுக்கும் பணி நிரந்தரத்திற்கும் கோரிக்கை எழுதும்போது, வேலைக்கு வந்து போகும் வழியையும் அதில் சேர்த்து எழுதுங்கள். கிராமங்களிலிருந்து சுரங்கங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் வரும் சாலைகளின் ஓரத்தில் இரு சைக்கிள்கள் அகலத்திற்குத் தனிப் பாதை கேளுங்கள். நுழைவாயில்களில் கூரையுள்ள சைக்கிள் ஷெட் கேளுங்கள். அந்தக் கூரையின் மேல் சூரியத் தகடுகளை வைத்து, கீழே மின்சாரம் ஏற்றும் வசதி கேளுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு வாகனக் கடன் உண்டானால், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மின்சார சைக்கிள் வாங்க வட்டியில்லாத முன்பணம் கேளுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பெரிய ஸ்தாபனத்தின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத தொகை. ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்பும் மனிதனின் குடும்பத்திற்கோ அது உயிர்ப் பிரச்னை.

சுற்று வட்டாரக் கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன, நீரைக் கொடுத்தன, உழைப்பைக் கொடுத்து வருகின்றன. அந்த நிலத்தடியிலிருந்து எழுந்த மின்சாரம் சென்னையிலும் பெங்களூரிலும் அரண்மனைகளைக் குளிர்விக்கிறது. அதில் நாளைக்கு அரை யூனிட், ஒரு களைத்த தொழிலாளியை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் செலவாகுமானால், அதைவிட நியாயமான செலவு நமக்குத் தெரியவில்லை. வலுவுள்ளவர் மிதித்துப் போகட்டும். வலுவிழந்தவரை மின்சாரம் தாங்கிப் போகட்டும். இருவருக்கும் பத்திரமான பாதையைச் சர்க்காரும் ஸ்தாபனமும் அமைத்துக் கொடுக்கட்டும்.